ஜெனரேட்டர் மேல் உட்கார்ந்த மத்தியானம்

எனக்கு மாப்பிள்ளை பார்த்து முடிவானபோது, அவர் லைன்மேன் வேலையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அரியலூரில் எங்கள் தெருவே மகிழ்ந்தது. "ஒனக்கென்னடி, ஒன் வூட்டுல கரண்டே போகாது" என்று வாசலுக்கு வாசல் சொன்னார்கள். லைன்மேன் வீட்டுக்கென்று தனியாக ஒரு கம்பி இழுத்திருப்பார்கள் என்று நானும் ஒரு ஓரமாக நம்பியிருந்தேன். குன்னத்துக்கு வாழ வந்த முதல் மழைக்காலத்திலேயே அது தெளிந்துவிட்டது.

கல்யாணமாகி இரண்டு மாதம். ஐப்பசியில் ஒரு நாள் விடிந்ததிலிருந்தே காற்று. பத்து மணிக்கு அவருக்குப் போன் வந்தது. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, "சாயந்தரம் வந்துடறேன்" என்று பைக்கை எடுத்தார். அவர் தெருமுனை திரும்பியதும் கரண்டு போனது. கிரைண்டரில் இட்லி அரிசி பாதி அரைந்திருந்தது. மாவு அரைத்த பிறகு மோட்டார் போட்டுக்கொள்ளலாம் என்று மேல்தொட்டியைக் காலியாக விட்டிருந்தேன். போனில் சார்ஜ் சிவப்புக்கு வந்திருந்தது. கூட இருக்க வேண்டிய மாமனாரும் வேப்பந்தட்டையில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார்.

மத்தியானத்துக்குள் குடத்துத் தண்ணீர் தீர்ந்தது. அதுவரை முகம் பார்த்துச் சிரித்ததோடு சரியாயிருந்த எதிர்வீட்டுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே அடிபம்பு இருந்தது. அந்த வீட்டு அண்ணி என்னையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"லைன்மேன் வூட்டுலயே கரண்டு இல்லியா?"

"இல்லைங்கண்ணி."

"அப்பறம் எதுக்கு லைன்மேனக் கட்டிக்கிட்ட?" என்று சிரித்துவிட்டு, அவரே இரண்டு குடம் அடித்துத் தந்தார்.

பாதி அரைந்த அரிசியில் சின்ன வெங்காயத்தை நறுக்கிப் போட்டு அடையாகத் தட்டினேன். காலை, மத்தியானம், ராத்திரி மூன்று வேளைக்கும் அதுதான். அவர் வந்தது மூன்றாம் நாள் காலையில். உடம்பெல்லாம் சேறு. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"பயந்துட்டியா?"

"பயமெல்லாம் இல்லைங்க. ரெண்டு நாளா குளிக்கல."

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. குளித்துச் சாப்பிட்டு அவர் உட்கார்ந்ததும், ஒரு பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டேன். "கரண்டு போனா வரிசையா என்னென்ன போவும், சொல்லுங்க. எழுதிக்கறேன்."

விரல் விட்டுச் சொன்னார். "மொதல்ல லைட்டு. அப்பறம் தண்ணி. மறுநாள் போனு. அப்பறம் கடையில பாலு, காய்கறி." கொஞ்சம் யோசித்தார். "இதுக்கெல்லாம் முன்னாடி நான் போயிடுவேன். அத மொதல்ல எழுதிக்க."

முதல் வரியில் அதைத்தான் எழுதினேன்: அவர் வீட்டில் இருக்க மாட்டார்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் இந்தப் பன்னிரண்டு வருஷமாக வீட்டைத் தயார்செய்து வருகிறேன். மழைக்காலம் தொடங்கினால் மேல்தொட்டி அரைத்தொட்டிக்குக் கீழே இறங்கவே விடுவதில்லை. கொல்லையில் மூடி போட்ட நீல டிரம் ஒன்றில் புழங்கும் தண்ணீர். குடிக்கத் தனியாகக் குடங்கள். டார்ச்சுக்கு இடம் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணி. வேறெங்கே வைத்தாலும், அதைத் தேட இன்னொரு டார்ச்சு வேண்டியிருக்கிறது. அவலும் பொட்டுக்கடலையும் ரவையும் டப்பாவில் தீராமல் பார்த்துக்கொள்வேன். மாற்று சிலிண்டர் காலியானால் அன்றைக்கே பதிந்துவிடுவேன். ரேஷன் கார்டு, பட்டா, மாமனாரின் மருந்துச் சீட்டு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு பீரோவின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். காலி பாட்டில்களைக்கூட எறிவதில்லை. சமையலறைப் பரணில் இருபது முப்பது நிற்கும். நாத்தனார் வரும்போதெல்லாம் பரணைப் பார்த்து, "பாட்டில் கடை வைக்கப் போறியா?" என்று கேட்பார்.

மாமனாருக்குச் சர்க்கரை. தினமும் ஊசி. பிரிட்ஜ் நின்றுவிட்டால் அந்த மருந்தை என்ன செய்வது என்று ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கேட்டு வைத்திருந்தேன். தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு, மண்பானைத் தண்ணீரில் மிதக்கவிடச் சொன்னார். செய்து பார்த்தபோது மாமனார் பானைக்குள் எட்டிப் பார்த்தார். "மருந்தும் நீச்சல் கத்துக்குது" என்றார்.

எல்லாம் இருக்கிறதா என்பது தேவைப்படும் நாளில்தான் தெரியும். அன்றைக்குத் தெரிந்து என்ன பயன்? அதனால் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மெயினை இறக்கிவிடுவேன். மத்தியானம் இரண்டு மணி வரை ஏற்றமாட்டேன். முதல் தடவை மெயினில் கைவைத்தபோது மாமனாருக்குத் தாங்கவில்லை.

"நல்லா எரியுற லைட்ட எதுக்கும்மா நிறுத்துற? ஒன் புருசன் ஊரெல்லாம் கம்பத்துல ஏறி கரண்டு குடுக்கறான். நீ வூட்டுக்குள்ள புடுங்குற."

"பழகிக்கத்தான் மாமா."

"எனக்கு அறுவது வருசத்துக்கு முந்தியே பழக்கம். எங்க ஊருக்குக் கரண்டு வந்ததே எனக்கு மீசை மொளைச்ச பொறவுதான்" என்று பேட்டரி ரேடியோவை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். அந்த ரேடியோவும் நான் வாங்கி வைத்ததுதான் என்பதை நான் சொல்லிக்காட்டவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் கார்த்திகையில் ஒரு புயல் வந்தது. கரையைக் கடந்து உள்ளே வரும்போது வலு குறைந்துவிடும் என்று ரேடியோவில் சொன்னார்கள். முதல் நாள் மதியமே அவர் கிளம்பினார். இடுப்பு பெல்ட், கையுறை, இரண்டு செட் துணி, நான் கட்டிக் கொடுத்த புளிச்சோறு. இந்தத் தடவை சாயந்தரம் வருகிறேன் என்று சொல்லவில்லை. "நாளைக்கு வரமாட்டேன். நாளான்னைக்கும் வரலன்னு வச்சுக்க" என்றார். பேச்சில் எவ்வளவு முன்னேற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

ராத்திரி காற்று என்ன பேயாட்டம் ஆடியதோ, ஜன்னலெல்லாம் சாத்தி மெயினை இறக்கிவிட்டு நான் தூங்கிப்போனேன். காலையில் கதவைத் திறந்தால் தெருவில் வேப்பங்கிளைகள். அரியலூர் ரோட்டில் புளியமரம் விழுந்து கிடக்கிறது என்றார்கள். மக்காச்சோளக் காடு முழுக்கப் படுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு கம்பம் முறிந்திருக்கிறது. கூடவே எங்கள் வாசலுக்கு ஆள் வர ஆரம்பித்தார்கள்.

"கரண்டு எப்ப வரும்?"

"தெரியலைங்க. ரெண்டு மூணு நாளாவும்னு நெனைக்கிறேன்."

"ஒங்களுக்குத் தெரியாமயா? சும்மா சொல்லுங்க."

ஒரு பெரியவர் பதிலை நம்பாமல் கம்பத்திலிருந்து எங்கள் வீடு வரை கம்பியை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். வேப்பங்கிளை விழுந்து எங்கள் கம்பி அறுந்து தரையில் கிடந்தது. "கிட்டப் போகாதீங்க" என்று கத்தி, இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு மறித்து வைத்தேன். பெரியவருக்கு அப்போதுதான் சமாதானம் ஆயிற்று. "இவங்களுக்கும் இல்ல" என்று போகிறவர்களிடமெல்லாம் அறிவித்துக்கொண்டு போனார்.

எங்கள் வீட்டில் ஓர் இன்வெர்ட்டர் உண்டு. அதற்கு யார் யார் உரிமை கொண்டாடலாம் என்று என் நோட்டில் எழுதியிருக்கவில்லை. முதல் நாள் காலையே எட்டுப் போன்கள் சார்ஜுக்கு வந்துவிட்டன. யாருடையது எது என்று சீட்டு ஒட்டி வரிசையாக வைத்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு அண்ணி ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"பொண்ணு, முட்டை!"

அண்ணியும் அண்ணனும் நாட்டுக்கோழி வளர்க்கிறார்கள். முட்டையைப் பொரிக்க வைக்கும் மெஷின் ஒன்று வைத்திருந்தார்கள். சின்ன பீரோ போல இருக்கும். உள்ளே நூற்றைம்பது முட்டை. இருபத்தொன்றாம் நாள் பொரிக்க வேண்டும். அன்றைக்குப் பத்தொன்பதாம் நாள். மெஷினோடு வந்த பேட்டரி விடியும்போதே தீர்ந்துவிட்டதாம்.

போன்களையெல்லாம் கழற்றினேன். அண்ணனும் மாமனாரும் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, சாமி பல்லக்கைத் தூக்குவது போல அடி மேல் அடி வைத்துத் தெருவைக் கடந்து எங்கள் கூடத்தில் இறக்கினார்கள். இன்வெர்ட்டரில் மாட்டியதும் உள்ளே சிவப்பு விளக்கு எரிந்தது. அண்ணி கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். போன் கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று பார்த்தேன். அப்படியில்லை. போனை வாங்க வந்தவர்களும் கண்ணாடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "சத்தம் கேக்குதா? உள்ள கத்துதா?" என்று விசாரித்துப் போனார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்வெர்ட்டரும் ஓய்ந்தது. மெஷினை இரண்டு போர்வையால் மூடினோம். அதற்கு முன்பே அண்ணன் பைக்கில் பெரம்பலூர் பக்கம் கிளம்பியிருந்தார். பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு லோடு ஆட்டோவில், கல்யாணப் பந்தலுக்கு வாடகைக்கு விடும் ஜெனரேட்டரோடு வந்து இறங்கினார். முகத்தில் ஊரை ஜெயித்த களை.

நான் அப்போது மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஜெனரேட்டரை அண்ணன் தன் வீட்டு வாசலில் இறக்கி வைத்திருந்தார். அதிலிருந்து ஒரு நீளமான ஒயர் வீட்டுக்குள் போனது. ஒயரின் இரண்டு முனையிலும் பிளக். வீட்டுச் சுவரிலிருக்கும் பிளக் பாயிண்டில் அதைச் செருகினால் வீடு முழுக்க லைட்டு, மோட்டார், டிவி எல்லாம் ஓடும். அதைத்தான் செய்யப் போகிறார்.

என் வீட்டுக்காரர் ஒருமுறை சாப்பிட்டுக்கொண்டே சொன்னது எனக்கு மனப்பாடம். வீட்டிலிருந்து இப்படி விடுகிற கரண்டு மீட்டர் வழியாக வெளியே போகும். தெருக்கம்பியில் ஏறி, டிரான்ஸ்பார்மருக்குள் திரும்பிப் போகும்போது பல ஆயிரம் வோல்ட்டாகிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பி அதில் கைவைத்திருப்பார் ஒருவர்.

மாவுக் கையோடு ஓடினேன். நைட்டி மேல் துண்டு, காலில் செருப்பில்லை.

"அண்ணே! மெயின இறக்கினீங்களா?"

"எதுக்கு இறக்கணும்? இறக்கினா லைட்டு எப்படி எரியும்?"

"வூட்டுக்குள்ள குடுத்தீங்கன்னா கம்பியில ஏறிடும்ணே. கம்பத்துல ஆளுங்க வேலை பாக்குறாங்க."

"அட, லைனே அறுந்து கெடக்கு. எங்க போயி ஏறப் போவுது?"

"ஒங்க வூட்டுக் கம்பி அறுந்துச்சா? பாருங்க, கம்பம் வரைக்கும் நல்லாத்தானே இருக்கு."

அண்ணன் அண்ணாந்து பார்த்தார். ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "அவங்க கம்பிய மண்ணோட சேத்து எர்த்து போட்டுட்டுத்தான ஏறுவாங்க? ஒன் வூட்டுக்காரருதான் சொல்லியிருக்காரு."

"போடுவாங்க. அத நம்பி நீங்க கரண்டு விடுவீங்களாண்ணே?"

"முட்டையெல்லாம் வீணாப் போவட்டுங்கிறியா?" என்று கயிற்றை இழுக்கக் குனிந்தார்.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஜெனரேட்டர் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

அது உட்காருவதற்கான பொருள் இல்லை. பெட்ரோல் மூடி குத்தியது. இருந்தாலும் உட்கார்ந்துவிட்ட பிறகு எழுந்திருக்க முடியவில்லை. அண்ணன் கயிற்றைப் பிடித்தபடி திகைத்து நின்றார். தெரு கூடிவிட்டது. கையிலிருந்த மாவு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதும் இல்லை, அவ்வளவு பிடிவாதமாக இருந்ததும் இல்லை. எங்கேயோ ஒரு கம்பத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவர் தொங்கிக்கொண்டிருப்பது கண்ணுக்குள் நின்றது. அவருடைய போன் முதல் நாள் மாலையிலிருந்து கிடைக்கவில்லை.

மாமனார் குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். மழை நின்று நெடுநேரம் ஆகியிருந்தது. கூட்டத்தை விலக்கி வந்து குடையை எனக்கு மேல் பிடித்தார். அண்ணனைப் பார்த்து, "அது எறங்காதுப்பா. மாசா மாசம் எங்க வூட்டுலயே எங்களுக்குக் கரண்டு குடுக்காத புள்ள அது" என்றார்.

கூட்டம் சிரித்தது. எங்கள் கூடத்திலிருந்து அண்ணி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராகத் தன் வீட்டுக்குள் போனார். மெயின் இறங்கும் சத்தம் வெளியே கேட்டது. சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து அண்ணன் கையில் கொடுத்தார்.

"முட்டைக்குத்தான கொண்டாந்தீங்க? முட்டைக்கு மட்டும் குடுங்க. டிவி ஒண்ணும் பொரிக்காது."

எழுந்தேன். ஜெனரேட்டரை எங்கள் வாசலுக்கு வெளியே, புகை உள்ளே வராத தூரத்தில் வைத்து, அதன் பிளக் பாயிண்டிலிருந்து நேராக மெஷினுக்கு மட்டும் ஒரு நீட்டு ஒயர் இழுத்தோம். வீட்டுக் கம்பிகளோடு அதற்குத் தொடர்பே இல்லை. நன்றாக ஓடியது, இரண்டு மணி நேரம். பிறகு இருமியது, நின்றது. பெட்ரோலில் தண்ணீர் இறங்கிவிட்டது என்றார் அண்ணன். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை விட்டுப்போய் உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி அழ ஆரம்பித்தார். ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தார். உள்ளிருந்து கிச் கிச்சென்று மெல்லிய சத்தம். ஓட்டில் மிளகளவு ஒரு விரிசல்.

அப்போதுதான் பரண் ஞாபகம் வந்தது. பாட்டில்களை இறக்கினேன். கேஸ் அடுப்பில் பெரிய குண்டானில் தண்ணீர் காய வைத்தோம். கை பொறுக்கும் சூட்டில் பாட்டில்களில் நிரப்பினோம். சூடு தங்குவதற்கு என்ன செய்யலாம் என்று நான் கேட்டதுதான் தாமதம், மாமனார் அறைக்குள் போய் ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். தனக்கு மெத்தை தைக்க வேண்டுமென்று தை மாதமே ஒதுக்கி வைத்திருந்த பருத்தி.

"மாமா, மெத்தைக்கு?"

"நான் தரையில படுத்துக்கறேன். அதுங்க படுக்கட்டும்."

இரண்டு பெரிய அன்னக்கூடைகளில் பஞ்சைப் பரப்பி, முட்டைகளை அடுக்கி, சுற்றிலும் சூடான பாட்டில்களை வைத்து, மேலே ஓடு காயாமலிருக்க ஈரத்துணியும் அதற்கு மேல் போர்வையும் போட்டோம். பாட்டில் ஆற ஆற மாற்ற வேண்டும். மாமனார் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். ரேடியோவில் மணிச் செய்தி வரும்போதெல்லாம், "பாட்டில் மாத்து!" என்று குரல் கொடுப்பார். நாங்கள் மூன்று பேரும் ஓடுவோம். மத்தியானம் நடந்ததை நினைத்து முகம் பார்க்காமல் இருந்த அண்ணன்கூட, நாலாவது தடவை பாட்டிலை நீட்டும்போது, "சூடு சரியா பாரும்மா" என்றார்.

மறுநாள் விடிந்தபோது கூடைக்குள் ஏழெட்டு நனைந்த தலைகள் ஆடிக்கொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் சமையலறை முழுக்கக் குஞ்சு. எல்லா முட்டையும் பொரிக்கவில்லை. பாதிக்கு மேல் பொரித்தது. அண்ணி எண்ணிப் பார்க்க முயன்று, அவை ஓடியதால் விட்டுவிட்டார். என் ரவை டப்பா ஒன்று அவற்றுக்குப் போனது. அன்று மாலை தெருவுக்குக் கரண்டு வந்தது. எங்கள் வீட்டைத் தவிர; எங்கள் கம்பியைக் கம்பத்திலேயே கழற்றிவிட்டிருந்தார்கள். அறுந்த கம்பியை இழுத்துக் கட்ட ஆள் வர வேண்டும். குஞ்சுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அண்ணி லைட்டு எரிந்த தன் வீட்டுக்குக் கிளம்பினார்.

நாலாம் நாள் காலை அவர் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் கதை வந்ததும் கை நின்றது.

"முந்தாநேத்து மத்தியானமா? என்னா மணிக்கு?"

"பன்னெண்டு, பன்னெண்டரை இருக்கும். நீங்க எங்க இருந்தீங்க?"

"நான் வேற பக்கம். ஆனா நம்ம லைன்ல ரெண்டு பேரு ஏறியிருந்தாங்க. வேற மாவட்டத்துலேருந்து வேலைக்கு வந்தவங்க. எர்த்து போட்டுத்தான் ஏறியிருப்பாங்க. இருந்தாலும்…"

விசாரிக்க வந்த அண்ணன் வாசலில் நின்று இதைக் கேட்டுவிட்டார். தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். "அதுக்குன்னு மாத்துற சுவிட்ச் ஒண்ணு இருக்காமே மாப்ள. ஜெனரேட்டரும் லைனும் ஒண்ணா சேராம இருக்குமாமே. நீயே வந்து மாட்டிக் குடு" என்றார். என் வீட்டுக்காரர் தலையாட்டினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். அவருக்கு அப்பளம் உயிர்.

கையைக் கழுவிவிட்டுக் கூடத்திலேயே சாய்ந்தவர் அப்படியே தூங்கிவிட்டார். பதினோரு மணிக்கு அவரோடு வேலை பார்ப்பவர் ஏணியோடு வந்தார். எழுப்பட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்க, தூங்கட்டும்" என்று அவரே ஏறி, கம்பியை இழுத்துக் கட்டினார். இறங்கி வந்து கட்டை விரலைக் காட்டியதும் மெயினை ஏற்றினேன்.

நாலு நாள் கழித்துத் தலைக்கு மேல் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. மழைக்காலத்துக் குளிர் காற்று பட்டதும் அவர் தூக்கத்திலேயே காலை மடக்கிக்கொண்டார். சத்தமில்லாமல் போய் விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன்.